அக்காவின் முகத்தை அளந்தது பற்றி

பாளையங்கோட்டை,
திங்கட்கிழமை மாலை.

அன்பிற்குரிய மாப்பிள்ளை கார்த்திகேசனுக்கு, உன் அத்தான் தாணுமாலையன் பிரியத்துடன் எழுதிக்கொண்டது. நான் சுகம். ஆழ்வார்குறிச்சியில் நீயும் தங்கச்சியும், உன் மகள் கல்யாணப்பெண் விஜயஸ்ரீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்கா சண்முகசுந்தரியின் சுகத்தை ஒரு வரியில் எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். நான் போனை எடுத்தாலே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேச.

பங்குனியில் அவளுக்கு முகவாதம் வந்ததும், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். டாக்டர் மாத்திரை கொடுத்து, தினமும் பலூன் ஊதச் சொன்னார், அவளும் ஊதினாள், வீடெல்லாம் பலூனாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு ஆபிதா பீவி யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. இடது உதட்டோரத்தில் மட்டும் கொஞ்சம் இறக்கம். ஆனால் உன் அக்கா அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த கண்ணாடியை இன்னும் நேராக்கவில்லை. பொட்டு வைக்கும்போது என்னைக் கூப்பிடுவாள், நான் எதிரே நின்று, "கொஞ்சம் கெழக்க நகத்து, போதும், இப்ப வடக்க" என்று சொல்வேன். முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்.

இந்த நிலையில்தான், கல்யாணத்தில் அத்தைதான் பெண் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நீ சொன்னாய். போட்டோ, வீடியோ என்றதுமே அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். தான் தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுகிறவளை நான் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், சொல். போட்டோ பிடிக்கத்தானே விடமாட்டாள், வரையக் கூடாது என்று சொல்லவில்லையே, நாமே அழகாக ஒரு படம் வரைந்து காட்டித் தைரியம் சொல்லலாம் என்று தெருமுனையில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் கெசியா டீச்சரிடம் சேர்ந்தேன்.

முதல் நாள் கோடு. கோடு கையை விட்டுத் தாராளமாக ஓட வேண்டும் என்றார் டீச்சர், நான் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன், அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அடுத்து வடிவம். கத்திரிக்காய் ஒன்றை வைத்து வரையச் சொன்னார், நானும் வரைந்து, பழக்கதோஷத்தில் மூலையில் வடக்கு அம்புக்குறி போட்டு, கீழே அளவுகோலும் எழுதி, காய்க்கு நான்கு எல்லையும் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டீச்சர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் வெற்றிடமும் ஒரு பாகம்தான், அதை அடைக்கக் கூடாது என்று ஒருநாள் சொன்னார். எங்கள் துறையில் அதற்குப் புறம்போக்கு என்று பெயர், நாலு நாள் சும்மா விட்டால் எவனாவது வேலி போட்டுவிடுவான் என்றேன். பிறகு நிறம். மஞ்சளுக்குப் பின்னால் அடர்த்தியான நிறம் இருந்தால்தான் மஞ்சள் எடுப்பாகத் தெரியும் என்று கேட்டுவிட்டு வந்து, உன் அக்காவின் மஞ்சள் சேலை எடுப்பாகத் தெரியட்டுமே என்று கூடத்துச் சுவர் ஒன்றுக்குக் கரும்பச்சை அடித்தேன். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று அவள் கூடத்தில் உட்காருவதையே விட்டுவிட்டாள்.

கடைசியில் சமநிலை என்ற பாடம் வந்தது. இரண்டு பக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், வீட்டுக்கு வந்து அவள் முகத்தில் வலது பாதியை மட்டும் வரைந்து, தாளை நடுவில் மடித்து, மறுபாதியை அப்படியே பிரதி எடுத்துவிட்டேன். இம்மி பிசகாத முகம். பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். பார்த்துவிட்டு, யார் இது என்று கேட்டாள். நீதான் என்றேன். "நான் இல்ல. இவ எம்மொகத்தப் பாத்துல்லா சிரிக்கா," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தராசுல ஒரு தட்டுல பூசணிக்கா, ஒரு தட்டுல படிக்கல்லு. ரெண்டும் ஒண்ணு போலயா இருக்கு சார்? ஆனாலும் முள்ளு நேரா நிக்குல்லா? அம்மாவ உள்ளபடி வரைங்க," என்றார்.

நேற்று மத்தியானம் உன் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு வரைந்தேன். பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு நிலத்தையும் இப்படி அளந்ததில்லை என்கிற அளவுக்கு அளந்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த உதட்டோரம் எந்த அளவு இறங்கியிருக்கிறதோ அந்த அளவுதான் இறக்கினேன். அந்த இடம் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நான் பார்த்ததே இல்லை. இவள்மேல் எனக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

படத்தை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இன்று காலை விரிப்பை உதறப் போனவள் கையில் அது சிக்கிவிட்டது. படத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினவள்தான், இன்னும் வெளியே வரவில்லை. மத்தியானம் கூப்பிட்டேன், சாப்பாடு வேண்டாம் என்று குரல் மட்டும் வந்தது. வாய் கோணியிருப்பதை வீட்டுக்காரனே வரைந்து வைத்தால் எந்தப் பெண்தான் பொறுப்பாள். ஆறுகிற புண்ணைக் கீறிவிட்டேன். ஆகையால் நாங்கள் கல்யாணத்துக்கு வர இயலாது. யாராவது கேட்டால் அத்தானுக்கு முட்டுவலி என்று சொல்லிவிடு, அவள் பெயரை இழுக்காதே. பென்சில், ரப்பர் எல்லாவற்றையும் நாளைக்கே டீச்சரிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

விஜயஸ்ரீயும் அவளைக் கட்டப்போகும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலிக்காமல் நெடுங்காலம் வாழ வேண்டும். காந்திமதியம்மன் கூட இருந்து காப்பாளாக.

அன்புள்ள அத்தான்,
தாணுமாலையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. படமும் கையுமாக வந்து என் முன்னால் நின்றாள்.

"எம்மொகம் இப்ப இப்பிடியா இருக்கு?"

"இப்பிடித்தான் இருக்கு."

"எனக்காகக் கொறச்சுப் போடலியே?"

"நான் அளந்ததுல என்னிக்காவது கூடக்கொறச்ச உண்டா?"

மறுபடி படத்தைப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். பங்குனியிலிருந்து இவள் மனசுக்குள் எப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் சோறு போட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம், மூக்கைப் பெரிதாகப் போட்டுவிட்டேன் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை சண்டை.

மேலே எழுதியது எல்லாவற்றையும் நீயே அடித்துவிடு, திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. முட்டுவலியும் இல்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாளே ரயிலில் வந்துவிடுகிறோம். போட்டோக்காரரிடம் இப்போதே சொல்லிவைக்கச் சொன்னாள்: ஓரத்தில் எல்லாம் நிற்கமாட்டாளாம், பெண்ணை ஒட்டித்தான் நிற்பாளாம். அப்போது நான் எங்கே நிற்பது என்று கேட்டேன்.

"நீங்க எங்கனயாவது நில்லுங்க," என்றாள்.