தாழ்ப்பாளுக்கு ஐந்து ஓட்டு

ஒரு காட்டில், இருட்டிக் கொஞ்ச நேரம் கழித்து, ஒரு குகைக் கதவுக்கு வெளியே விநோதமான சத்தம் கேட்டது. முதலில் நகத்தால் பாறையைப் பிறாண்டுகிற சத்தம். அப்புறம் அழைப்பு மணியின் 'டிங்'. மறுபடி பிறாண்டல். மறுபடி 'டிங்'.

உள்ளே இருந்த பிலோமி என்ற முயல் தன் மூன்று குட்டிகளையும் வயிற்றுக்கடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாரு?"

"பங்காளிம்மா," என்றது ஒரு கனத்த குரல். "பேரு கனகசபை. சிறுத்தை."

பிலோமிக்கு நம்ப முடியவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் காட்டில் முழுக் குகை வாங்க யாருக்கும் வக்கில்லாமல் போன பிறகு 'பங்குக்குகை' என்று ஒரு ஆப் வந்திருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குகை. ஆளுக்கு வருஷத்தில் ஒன்றரை மாதம் குடியிருக்கலாம். வாங்கி முடிக்கும் வரை மற்ற ஏழு பேர் யார் என்று ஆப் மூச்சு விடாது. மழைக்குக் குட்டிகளோடு ஒதுங்க ஒரு கதவு கிடைத்தால் போதும் என்று, ஐம்பத்திரண்டு பக்க நிபந்தனையில் ஒரு வரியும் படிக்காமல் 'சம்மதம்' என்ற இடத்தில் பாதத்தை வைத்து அழுத்தியவள்தான் பிலோமி. எல்லோரும் அப்படித்தான் அழுத்தினார்கள்.

"இந்த எட்டாவது பங்கு ஒரு மானோடது ஆச்சே, அண்ணே?"

"போன வாரம் நான் வாங்கிட்டேன்."

"மான் எங்க?"

"பேப்பரெல்லாம் சரியா இருக்கும்மா."

பிலோமி பேச்சை மாற்றினாள். "இப்போ என் முறைதானே? உங்களுக்கு ஐப்பசியிலதான்."

"நான் குடிவரலை. சொத்தைப் பார்வையிடணும். விதி ஒன்பது. ஒரு நாள் முன்னாடி சொல்லணுமாம், அதான் சொல்லிட்டுப் போக வந்தேன். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "விளம்பரப் படத்துல ஹால்ல மூணு குட்டி இருந்துச்சே, அது படத்துக்கு மட்டும்தானா, நிஜமாவே இருக்கா?"

காலடிச் சத்தம் தேய்ந்ததும் பிலோமி தாழ்ப்பாளைத் தள்ளினாள். அசையவில்லை. போனில் எழுத்து ஓடியது: 'தாழ்ப்பாள் பொதுச் சொத்து. போட ஐந்து பங்காளிகளின் ஒப்புதல் தேவை.'

உடனே ஆப்பில் இருந்த பங்காளிகள் குழுவில் எழுதினாள்: "அவசரம். சிறுத்தை வருகிறார். தாழ்ப்பாள் போட ஓட்டுப் போடுங்கள்."

விடிந்த பிறகுதான் பதில் வந்தது. முதலில் ஒரு ரோஜாப்பூ, இனிய காலை வணக்கத்தோடு. பிறகு கரடியம்மா, தாழ்ப்பாள் என்ன கலர் என்று கேட்டாள். வௌவால், ரெண்டு வருஷமாகச் சொல்லியும் வாசல் பல்பை இன்னும் கழற்றவில்லையே என்று ஆரம்பித்தது. முள்ளம்பன்றி தாவீது மட்டும் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஓட்டுப் போட நான் ரெடி, பிலோமிம்மா. ஆனா செயலாளர் கையெழுத்து இல்லாம ஓட்டு செல்லாது. பழைய செயலாளர் காட்டெருமை கதைதான் தெரியுமே! ஒழுகுது ஒழுகுதுன்னு நாம போன் பண்ணிப் பண்ணி, மனுஷன் தானாவே போய் மிருகக்காட்சி சாலையில சேர்ந்துட்டார். கம்பிக்குள்ள நிம்மதியா இருக்காராம்."

"அப்போ நீங்க நில்லுங்களேன், அண்ணே."

"ஐயோ, எனக்குப் புள்ளகுட்டி இருக்கும்மா!"

"எனக்கு இல்லையா?" என்று கேட்டுப் பிலோமி அழுதுவிட்டாள். தாவீது முட்களை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அழுது முடித்து, வேறு வழியில்லாமல், பிலோமி அந்தக் காட்டில் அதுவரை யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். நிபந்தனைகளைப் படித்தாள். நாற்பத்தேழாம் பக்கத்தில் அவளுடைய காது இரண்டும் நிமிர்ந்தன. யாரையும் யாரும் செயலாளராக முன்மொழியலாம்; அந்த ஓட்டுக்கு மட்டும் யார் கையெழுத்தும் வேண்டாம். தேர்வானவர் மூன்று மாத நோட்டீஸ் இல்லாமல் விலக முடியாது. வளாகத்தில் கால் வைத்தவுடன், வேறு எந்தக் காரியத்துக்கும் முன்னால், எல்லோருடைய புகாரையும் கேட்டாக வேண்டும்.

'கனகசபை அவர்களைச் செயலாளராக முன்மொழிகிறேன்,' என்று குழுவில் போட்டாள்.

தாவீது வழிமொழிந்தார். ஒரு பல்பு விஷயத்தில் ஒத்துப்போகாத பங்காளிகள் ஏழு பேரும் இரண்டே நிமிடத்தில் ஒரே ஓட்டாகப் போட்டார்கள். பகலெல்லாம் தூங்கும் கனகசபை போனைப் பார்க்கவே இல்லை.

சரியாக ஆறு மணிக்கு மீசையை நக்கிச் சீவிக்கொண்டு வந்தவர், கதவுக்கு முன்னால் ஒரு வரிசை நிற்பதைக் கண்டார். முதல் ஆளாகப் பிலோமி, கையில் மனு, காலடியில் மூன்று குட்டிகள்.

"செயலாளர் சார், கூரை ஒழுகுது."

"யாரு செயலாளர்? சரி, அதை உள்ளே போய்ப் பேசலாமே தங்கச்சி, பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு..." அவர் குட்டிகள் பக்கம் ஒரு அடி வைத்தார். தாவீதின் முட்கள் குறுக்கே வந்தன.

"நீங்கதான் சார், ஏழு ஓட்டுல ஜெயிச்சுட்டீங்க. விதிப்படி எதுக்கும் முன்னால எங்க புகாரைக் கேட்கணும். முதல்ல என் மனு. எனக்கு வண்டி நிறுத்த இடமே இல்ல."

"உங்ககிட்ட வண்டி ஏது?"

"வாங்கினா எங்க நிறுத்துறது?"

"ராத்திரி பூரா இந்த வௌவால் மேலே பாத்திரம் உருட்டுது," என்றாள் கரடியம்மா.

"இவங்க குறட்டையை நான் எந்த ஆபீஸ்ல போய்ச் சொல்ல?" என்றது வௌவால்.

கனகசபை உறுமினார். மரத்திலிருந்து இலை உதிர்ந்தது. தாவீது நோட்டைத் திறந்தார்.

"செயலாளர் உறுமினார். மினிட்ஸ்ல ஏத்திட்டேன். அடுத்து, செப்டிக் டேங்க்."

ஒன்பது மணி வாக்கில் கனகசபையின் வால் தரையில் கிடந்தது. "பசி போயிடுச்சு. நான் ராஜினாமா பண்றேன்."

"மூணு மாசம் ஆகும், சார்," என்றாள் பிலோமி மெதுவாக.

அவர் குகைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். வரிசையும் பின்னாலேயே கதவு வரை நகர்ந்து அதைத் தள்ளியது.

"இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையா?" என்று உள்ளேயிருந்து கதறினார்.

"இருக்கு சார். அஞ்சு ஓட்டும் உங்க கையெழுத்தும் வேணும்."

"அம்மா, தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும், ஓட்டுப் போடச் சொல்லு!"

பிலோமி முதலில் பாதத்தைத் தூக்கினாள். செப்டிக் டேங்க் விஷயம் பாதியில் நிற்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னும் நான்கு பேர் தூக்கினார்கள். கதவிடுக்கு வழியாக ஒரு நகம் நீண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே போனது. குகையில் அவளுக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கியிருந்தது. பிலோமி குட்டிகளைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, வெட்டவெளியில் நின்று, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தைக் காது குளிரக் கேட்டாள்.

நீதி: கொல்ல வருகிறவனைச் சங்கச் செயலாளர் ஆக்கிவிடு. வீடு அவனுக்குப் போய்விடும். தூக்கம் உனக்கு வந்துவிடும்.