ஒன்பதரை டம்ளர்

ஆறு பேர் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிய வாளியில் ஒன்பதரை டம்ளர் தண்ணீர் இருந்தது.

நிர்வாக அலுவலர் இன்னொரு முறை அளந்தார். ஒன்பதரைதான். பக்கத்து வாளியில் எட்டு. பேன்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டு நீச்சல் குளத்தின் விளிம்பில் குந்தியிருந்தவருக்கு இடுப்பு விட்டுப்போனது.

"அப்போ ஜெயிச்சது நாங்கதானே சார்?" என்றார் வரைபடப் பிரிவின் தலைவி, தண்ணீரில் நின்றபடியே.

"ஆறு டம்ளர் எப்படிம்மா ஒன்பதரை ஆகும்?"

"நாங்க சிந்தாம கொண்டுவந்தோம்."

இது விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. அங்கே இரண்டு அறைகள். ஒன்றில் சுவர் அகலத்துக்கு ஜன்னல். இன்னொன்றில் ஒரு சின்ன ஓட்டைகூடக் கிடையாது. ஜன்னல் அறை தங்களுக்குத்தான் என்று வரைபடப் பிரிவும் ஆவணப் பிரிவும் மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்வந்த இயக்குநர், குளத்தில் ஒரு தொடர் ஓட்டம் வைத்துத் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஐந்து மணிக்குள் முடிவு வராவிட்டால் ஜன்னல் அறை அவருடைய கூட்ட அறை. இரண்டு பிரிவும் இருட்டறையில். சண்டை வராமல் பார்த்துக்கொள்ள நடுவில் நிர்வாக அலுவலரின் மேசை.

அந்த மேசையை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது. புதுக் கட்டடத்துக்காக அவர் இதுவரை நூற்றுப்பத்துத் தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசி நாற்பதைப் படிக்கவில்லை. அலுவலகத்தில் அவருக்கு 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று பெயர்.

ஆட்டம் எளிது. இந்தக் கரையில் நிறைந்த வாளி, அந்தக் கரையில் காலி வாளி. ஒரு டம்ளர் மொண்டு, ஒரு கையால் நீந்திப் போய் ஊற்றிவிட்டு, வெறும் டம்ளரோடு திரும்பி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அதிகத் தண்ணீர் சேர்த்தவர்களுக்கு ஜன்னல். ஆவணப் பிரிவில் ஒரு ஆள் குறைந்தது. கையெழுத்து வாங்கவென்று ஒரு தாளை பாலித்தீன் பையில் போட்டு எடுத்துவந்திருந்த தச்சரை அலுவலர் இறக்கிவிட்டார்.

"இறங்குறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்..."

"அப்புறம்பா. முதல்ல இது முடியட்டும்."

மூன்றரை டம்ளர் எங்கிருந்து வந்தது என்று அவர் இப்போது குளத்தைப் பார்த்து யோசித்தார். யோசித்தால் விளங்காத விஷயமில்லை. நீருக்குள் இருக்கும்வரை கையின் எடையைத் தண்ணீரே தாங்கும். கையை மேலே தூக்கினால் அந்தப் பாரம் உடம்பின் மேல் இறங்கும். உடம்பு அதற்கேற்பக் கீழே போகும். டம்ளரை உயரத் தூக்கத் தூக்க மூக்கு முழுகும். மூச்சுக்குத் தவித்துக் கையை இறக்கினால் டம்ளரின் வாய் குளத்தில் அமிழ்ந்து நிறைந்துவிடும். சிந்தினது போக, வழியிலேயே மறுபடி நிரம்பிக்கொண்டு வந்திருக்கிறது. ஆறுக்கு மேல் போனது, கரை சேர்ந்ததும் சிலர் குளத்திலேயே இன்னொரு டம்ளர் மொண்டு ஊற்றியதாக இருக்கும். ஒரு குளத்தின் நடுவில் தண்ணீரைத் திருட்டுப் போகாமல் காப்பது எப்படி?

சாயம் போட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. ஆவணப் பிரிவின் தலைவர் முத்திரை மை இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாதவர். பையிலிருந்து புட்டியை எடுத்தார். புறப்படும் வாளிகள் இரண்டிலும் ஒரே அளவு நீலம். குளத்துத் தண்ணீர் கலந்தால் வெளுக்கும். வெளுக்காத வாளிக்கு வெற்றி.

இரண்டாம் ஓட்டம் முடிந்தபோது வரைபடப் பிரிவின் வாளி வெளுத்திருந்தது. ஆவணப் பிரிவின் வாளியோ, புறப்பட்ட வாளியைவிடக் கருநீலமாக இருந்தது.

"அவங்க விரலைப் பாருங்க சார்," என்றார் தலைவி. "அஞ்சு பேருக்கும் நகக்கண்ணு வரைக்கும் மை. கை வச்சாலே நீலம்."

"இருபது வருஷ சர்வீஸ் மேடம் இது," என்றார் ஆவணக்காரர். "கழுவினா போயிடுமா?"

மணி நாலேகால். டம்ளருக்கு மூடி போட்டுவிட்டால் உள்ளேயும் எதுவும் வராது, வெளியேயும் எதுவும் போகாது என்று அலுவலர் கண்டுபிடித்தார். தச்சரின் பாலித்தீன் பையைக் கேட்டு வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"சார், அதுக்குள்ள தாள் இருக்கு. நானும் அந்த விஷயத்தைத்தான்..."

"தாள் காயும்பா. நீ உன் வரிசையில நில்லு."

மூடிக்கு ரப்பர் பேண்டும் ஆவணப் பிரிவிலிருந்தே கிடைத்தது. ரப்பர் பேண்ட் ஈரக் கைக்குப் பிடிபடாது. அதிலும் ஒரு கைக்குச் சுத்தமாகப் பிடிபடாது. அந்தக் கரை சேர்ந்த தலைவி அதைப் பல்லால் கடித்து இழுத்தார். அது தெறித்துப் போய்ப் பக்கத்தில் நின்ற ஆவணக்காரரின் நெற்றியில் பட்டது. தடுமாறியவர் பிடிக்கக் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது, கரையில் வைத்திருந்த கருநீல வாளி. அதன் பக்கத்தில் மூடாமல் வைத்திருந்த மைப்புட்டியும் கூடவே வந்தது.

மை சும்மா விட்டால் ஒரு மூலையில் மெல்லத்தான் பரவும். தண்ணீரைக் கலக்கினால் பறக்கும். பன்னிரண்டு பேரும் அதிலிருந்து தப்பிக்கக் கையையும் காலையும் அடித்துக்கொண்டு நீந்தினார்கள். அரை நிமிஷத்தில் குளம் முழுக்க ஒரே நிறமானது.

குளக் காவலர் நாற்காலியை விட்டு எழவில்லை. "எல்லாரும் மேல வாங்க. தண்ணியை மாத்தணும். இன்னிக்கு இவ்வளவுதான்."

மணி நாலு நாற்பது.

இரண்டு பிரிவும் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தன. எல்லார் காதும் நீலம். யார் வரைபடம், யார் ஆவணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரே துண்டு கைமாறிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாகத் தலைவி ஆவணக்காரரிடம், நெற்றி வலிக்குதா என்று கேட்டார். அவர், பரவாயில்லை, குறி நல்லாத்தான் இருந்தது என்றார்.

அலுவலரின் சட்டைப் பையில் போன் அடித்தது. இயக்குநர். அவர் எடுக்கவில்லை. இருட்டறையின் நடுவில் தன் மேசை எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்துகொண்டு, நனைந்த தாளோடு நின்ற தச்சரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"குடுப்பா. எங்க போடணும்?"

"கீழ சார். படிச்சுட்டு..."

"நீயே சொல்லிடு. என்ன தாள் இது?"

தச்சர் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"புது ஆபீஸ் ஹால் நடுவுல பலகைத் தடுப்பு வைக்கச் சொல்லிப் போன மாசம் நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, அந்த வேலை முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கு சார்; எட்டு ஸ்க்ரூதான், கழட்டிட்டா ஒரே ரூம், ரெண்டு பேருக்கும் ஜன்னல்."