சாயங்காலம் வண்டி பார்க்க வருகிறார்

கார் நின்ற இடத்திலேயே குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டு ஓனர் அதை வாசலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டதுமே வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. இன்று சாயங்காலம் இன்னொருவர் வருகிறார்.

"என் தம்பியைக் கூப்பிடுங்க. மெக்கானிக் ஷெட்டே வச்சிருக்கான்," என்றாள் மனைவி.

"அவன்கிட்ட போய் நிக்கணுமா? மூணே சிலிண்டர், எண்ணூறு சிசி. தையல் மிஷின் மாதிரி எஞ்சின். நானே பாத்துக்கறேன்."

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடுகளவு திருகாணியைக்கூடத் தடவியே மாட்டிவிடுகிற கை. வண்டியை 'டப்பா' என்று சொன்ன மச்சினனோடு அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கரியைச் சுரண்டி, பளபளவென்று துடைத்து மாட்டினார். எந்த வயர் எதற்கு என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம். சாவியைத் திருப்பியதும் சைலன்சரிலிருந்து படாரென்று வெடிச்சத்தம் கிளம்பியது. மாடியில் ஓனரின் ஜன்னல் திறந்தது.

"ஐட்லிங் வேகம்தான் கம்மி," என்று ஒரு திருகை முறுக்கினார். எஞ்சின் வெடித்துக்கொண்டே அலறவும் ஆரம்பித்தது. அலறலை அடக்க ஆயிலை ஊற்றினார். அளவு பார்க்கத் தோன்றவில்லை. மத்தியான வெயிலில் நீலப்புகை தெருவையே மூடியது. உள்ளே மனைவி யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தீப்பிடிச்சிடுச்சா?" மேலிருந்து குரல்.

"சர்வீஸ் நடக்குதுங்க!"

அத்தோடு எஞ்சின் விக்கி அடங்கியது. அப்புறம் எத்தனை தடவை சாவியைத் திருப்பியும் மூச்சே விடவில்லை.

மனைவி தம்பியின் நம்பரைப் போட்டுப் போனை நீட்டினாள். கரிக்கையால் வாங்கினார்.

"மாப்ளே..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது டப்பாதான்."

மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனாலும் ஆள் பெட்டியோடு ஓடிவந்துவிட்டான்.

"வயரை மாத்தி மாட்டியிருக்கீங்க மாமா. ஆயில் என்ன, குடத்தோட கவுத்தீங்களா?"

திட்டிக்கொண்டே ஆயிலை வடித்தான். புது பிளக் போட்டான். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் நைந்துபோயிருந்தது. நடுக்கத்துக்கு அதுதான் காரணம். அதையும் மாற்றினான். முடித்தபோது, வண்டி ஓடுகிறதா என்பதையே குனிந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மாமனும் மச்சினனும் பானெட்டில் கையூன்றிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

வண்டி பார்க்க வந்தவர் நிதானமான மனிதர். எஞ்சினருகே காதைக் கொண்டுபோனார். சைலன்சருக்குப் பின்னால் கைக்குட்டையைப் பிடித்தார்; அது வெள்ளையாகவே இருந்தது. அவர் முகம் சுருங்கியது.

"நடுக்கம் இல்லையே?"

"துளிகூட இல்லை!" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"புகை?"

"மருந்துக்குக்கூடக் கிடையாது!"

வந்தவர் பெருமூச்சோடு கடைக்காரரின் மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் மெக்கானிக் பள்ளிக்கூடத்து வாத்தியாரும்மா, பசங்க கோளாறு கண்டுபிடிச்சுப் பழக ஒரு எஞ்சின் தேடறேன். மத்தியானம் போன்ல 'ஆடுது, வெடிக்குது, புகையுது'ன்னு அவ்வளவு ஆசை காட்டிட்டு, இப்படி ஏமாத்திட்டீங்களே!"