‘கிழங்கு’ என்ற கட்டளையை நான் கூறுபோட்ட கதை

“கிழங்கு கட்டளை பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வேலையும் இனி தனித்தனி மாட்யூல். சோதித்தாயிற்று. குழப்பத்துக்கு இடமில்லை.”

நிரலை மாற்றிவிட்டு, அதோடு சேர்த்து நான் கணினியில் பதிந்துவைத்த குறிப்பு இது. பொங்கல் கழிந்த மறுவாரம், வியாழக்கிழமை மாலை. (எங்கள் வீட்டில் சிலர் வெள்ளிக்கிழமை என்பார்கள். மாற்றியது வியாழன், வெடித்தது வெள்ளி. இரண்டையும் குழப்பக்கூடாது.) தேதியும் ஆண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இங்கே எழுதமாட்டேன். ஏற்கெனவே அந்தத் தேதியில் வருஷாவருஷம் நலம் விசாரித்து எனக்குப் போன் வருகிறது. இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ள உத்தேசமில்லை.

ஒழுங்குபடுத்தும் ஆசை உள்ள ஆளை வேலைக்கு வைப்பதற்கு முன், அவர் வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது. என் வீட்டில் விசாரித்திருந்தால், சமையலறை டப்பாக்களை நான் அகர வரிசையில் அடுக்கியதையும், கடுகு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் என் மாமியார் ஒரு வாரம் தாளிக்காமலே குழம்பு வைத்ததையும் சொல்லியிருப்பார்கள். ஆலை முதலாளி விசாரிக்கவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருந்த ஜவ்வரிசி ஆலை அது. மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் மரவள்ளிக் கிழங்கு வரும். நான் அங்கே கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான், ஒரு மேசை, ஒரு மின்விசிறி.

எனக்கு முன்னால் அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் ‘கிழங்கு’ என்று ஒரே ஒரு கட்டளையை எழுதிவைத்துவிட்டு பெங்களூர் போய்விட்டார். அந்தச் சொல்லைத் தட்டினால் போதும், எல்லாம் நடக்கும். எடைமேடையிலிருந்து எடையைப் படிக்கும். ஒட்டியிருக்கிற மண்ணுக்குக் கழிக்கும். மாவுச்சத்தைப் பதியும் (எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ‘பாயிண்ட்’). சீட்டு அடிக்கும். சாயங்காலம் மேடையை மூடும்போது, அடுத்து எந்த ஊரின் முறை என்று பார்த்து, அந்த ஊர்க்காரர்களுக்குப் போனும் போடும். ஒரே ஆள் பந்தல் போட்டு, சமைத்து, நாதஸ்வரம் ஊதி, நடுவில் ஓடிப்போய்த் தாலியும் எடுத்துக் கொடுப்பது மாதிரி. அதைப் படித்துப் புரிந்துகொள்வது மலைமேல் இருக்கிற கரியாலூருக்குப் பேருந்தில் ஏறுவது போல. வளைவு முடிந்தது என்று மூச்சு விட்டால் அடுத்த வளைவு. பாதியில் வயிற்றைப் புரட்டும்.

முறை என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. மரவள்ளி மண்ணுக்குள் இருக்கிறவரை சமர்த்து. பிடுங்கிவிட்டால் காத்திருக்காது. ஒரு நாள், ஒன்றரை நாள் தாண்டினால் பாயிண்ட் இறங்கும். பாயிண்ட் இறங்கினால் விலை இறங்கும். அதனால் ஊர் ஊராக முறை வைத்திருந்தோம். ஆலையிலிருந்து போன் வந்தால்தான் அந்த ஊரில் கிழங்கு பிடுங்குவார்கள். செல்போன் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட, ஆனால் எந்த எண்ணிலிருந்து வந்தாலும் மரியாதையாக எடுத்துப் பேசும் பழக்கம் இன்னும் போகாத காலம்.

அந்தப் போனில் ஒலிப்பது என் குரல்தான். அறிவிப்பாளருக்குச் செலவு செய்ய முதலாளிக்கு மனமில்லாததால், மோட்டார் ரூமில் மோட்டாரை நிறுத்திவிட்டு நானே பேசிப் பதிந்தேன்: “வணக்கங்க. ஆலையிலேந்து பேசறங்க. உங்க ஊரு மொறை வந்துடுச்சிங்க. நாளைக்கி கெழங்கு கொண்டாங்க. சீக்கிரமா வந்தா சீக்கிரமா போலாங்க.” கடைசி வரியை எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. ஆர்வத்தில் நானாகச் சேர்த்தது.

அந்தக் கட்டளையைத்தான் நான் பிரித்தேன். எடைக்கு ஒரு மாட்யூல் (தனியாக இயங்கும் நிரல் துண்டு), மண் கழிவுக்கு ஒன்று, பாயிண்டுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, முறைக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. எது யாருக்குத் தேவையோ அவர் அதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுத வேண்டாம். இது சரியான முடிவு. அன்றும் சரி, இன்றும் சரி. இந்தக் கட்டுரை முழுவதும் நான் இதில் பின்வாங்கப்போவதில்லை.

தவறு ஒன்றே ஒன்று. பழைய நிரலில் ‘யார் முறை?’ என்று கேட்கிற வரியே, பதிலைச் சொல்லிவிட்டு முறையை அடுத்த ஊருக்கு நகர்த்தி, அந்த ஊருக்குப் போன் போடச் சொல்லிவிடும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, சாயங்காலம்தான் அதைக் கேட்பார்கள் என்பதால் அது ஒரு குற்றமாகவே தெரியவில்லை. நான் அந்தத் துண்டை அப்படியே வெட்டி எடுத்து ‘முறை’ என்று பெயர் வைத்தேன். பிறகு, கிடைத்த புது மாட்யூலை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று தேடினேன். ஒவ்வொரு சீட்டின் தலையிலும் ‘இன்றைய முறை: இன்ன ஊர்’ என்று அடித்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! சீட்டு மாட்யூல் முறை மாட்யூலைக் கேட்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு சீட்டு அடித்துச் சோதித்தேன். ஊர்ப் பெயர் சரியாக வந்தது. மேலே சொன்ன குறிப்பை எழுதினேன்.

அதாவது, அன்று மாலையிலிருந்து ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ஊர் என்ற கணக்கில் ஆலை எல்லோரையும் அழைக்கத் தொடங்கிவிட்டது.

எடைமேடையில் இருந்த ஜோதி கவனித்தாள். “அக்கா, போன் மிசினு லைட்டு அணையவே மாட்டன்னுதே. எரிஞ்சிக்கினே கீது.”

“புது சிஸ்டம் ஜோதி. சுறுசுறுப்பா இருக்கும்” என்றேன். சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கும் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் வரும்போது, ஆலைக்கு வெகு தூரத்துக்கு முன்பே டிராக்டர்கள் நின்றன. டிராக்டருக்குப் பின்னால் டெம்போ, டெம்போவுக்குப் பின்னால் லாரி. ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்தேன். எந்தக் கோயிலுக்கு இத்தனை மரவள்ளி போகிறது என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. (வண்டிகளின் எண்ணிக்கையை என் கொழுந்தனார் ஆண்டுக்கு ஆண்டு கூட்டிச் சொல்கிறார். நான் எண்ணவில்லை. நின்ற இடத்திலிருந்து வால் தெரியவில்லை என்பது மட்டும் உறுதி.)

ஆலையை நெருங்கியபோது, ஒரு டெம்போவில் கிழங்குக் குவியலின் மேல் ஒரு அம்மாள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கரியாலூர் அஞ்சலை அக்கா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“இன்னாக்கா, இம்மாங் கூட்டம்?” என்று கேட்டேன்.

“ஒரு பொம்பள போன் பண்ணிச்சிம்மா. மொறை வந்துடுச்சி, கொண்டாங்கன்னிச்சி. எங்களுக்கு அடுத்த மாசந்தான் வரும்னு இருந்தோம். நைட்டோட நைட்டா ஆள வுட்டுப் புடுங்கி…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “இன்னொரு வாட்டி பேசு.”

“இன்னாக்கா பேசறது?”

“அதே கொரலு! யோவ் கோவிந்தா, எறங்கி வாயா! போன்ல கூப்ட்ட பொம்பள இதோ வண்டில வந்து நிக்குது!”

முன்னால் நின்ற களமருதூர் டிராக்டரிலிருந்து கோவிந்தன் என்பவர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “எனக்கு ரெண்டு வாட்டி பண்ணிச்சிங்க. மொத வாட்டி நம்பல. ரெண்டாவது வாட்டி, பாவம், பொம்பள இவ்ளோ கெஞ்சுதேன்னுதான் புடுங்கனேன்” என்றார். நான் கெஞ்சவில்லை. பதிவில் அப்படிக் கேட்டிருக்கலாம்.

“சீக்கிரமா வந்தா சீக்கிரமா போலான்னியே, எங்க போறது? முன்னாடியும் போவ முடில, பின்னாடியும் போவ முடில” என்றார் அஞ்சலை அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. குவியலில் ஒரு கிழங்கை எடுத்து முனையை ஒடித்துக் காட்டினார். “ஒரு வருசத்து கெழங்கும்மா. இன்னைக்கி பாயிண்ட் பாக்கலன்னா நாளைக்கி இது மாட்டுக்குத்தான்.”

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஆலைக்கு ஓடினேன்.

ஆலை வாசலில் முதலாளி பரசுராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னாம்மா பண்ணி வெச்சிகிற? ஜில்லாவையே கூப்ட்டுட்ட போலகீதே!”

ஒவ்வொரு சீட்டும் முறையைக் கேட்டு நகர்த்திவிட்டதைச் சொன்னேன். ஜோதி சொன்ன விளக்கையும் சொன்னேன்.

“மொதல்ல பழச போடு. பழசு அது பாட்டுக்கு ஓடிக்கினு இருந்திச்சி.”

என் வாழ்க்கையில் முதலாளி ஒருவரிடம் ‘முடியாது’ என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். “பழச போட்டா, ஒரு வண்டி மேடைல ஏறி, எடை போட்டு, பாயிண்ட் பாத்து, சீட்டு வாங்கினு எறங்கற வரைக்கும் அடுத்த வண்டி ஏற முடியாது சார். எல்லாத்தையும் ஒரே கட்டளை பண்ணுது. ஞாயித்துக்கெழம வரைக்கும் ரோட்லயே நிப்பாங்க. புதுசுல எல்லாம் தனித்தனி. எடை இங்க, பாயிண்ட் பின்னாடி ஷெட்ல, சீட்டு கேட்ல. வண்டி நகந்துக்கினே இருக்கலாம்.”

“பாயிண்ட் பதிஞ்சிட்டா கெழங்கு நம்மளது ஆயிடும். அப்புறம் கெட்டா நம்ம தலைல.”

“ஆமா சார்.”

“அதான்மா எனக்கு பயமே.” சாலையைப் பார்த்தார். அஞ்சலை அக்கா வண்டி மேலிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி. செய்யி. ஆனா நீயே போய் அவங்ககிட்ட சொல்லு. நீதான கூப்ட்ட.”

முதலில் முறை மாட்யூலைத் திறந்தேன். கேட்பதை ஒன்றாகவும் நகர்த்துவதை இன்னொன்றாகவும் பிரித்தேன். கேட்டால் சொல்லும், நகராது. நகர்த்தினால்தான் நகரும். ஜோதி கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பழைய கட்டளையில் இந்தத் தவறைத் தேடியிருந்தால், மலையேறுகிற பேருந்தில் தொலைந்த காதணியைத் தேடின கதையாக இருந்திருக்கும். இங்கே தவறு ஒரு சின்ன டப்பாவுக்குள், பெயர் ஒட்டிய டப்பாவுக்குள், உட்கார்ந்திருந்தது. (என் மாமியார் இந்த இடத்தில் குறுக்கிட்டுக் கடுகைப் பற்றிப் பேசுவார். நான் கண்டுகொள்வதில்லை.)

அடுத்து, அலுவலகத்தில் இருந்த இன்னொரு கணினியைப் பின்பக்க ஷெட்டுக்கும், முதலாளி சீட்டு விளையாட வைத்திருந்த கணினியை வாசலுக்கும் தூக்கிப்போனோம். எடை மாட்யூல் மேடையில், பாயிண்ட் மாட்யூல் ஷெட்டில், சீட்டு மாட்யூல் வாசலில். மூன்றும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. முதல் வண்டி மேடையில் ஏறி, நிற்காமல் ஷெட்டுக்குப் போய், வாசலில் சீட்டோடு வெளியே வந்தபோது, மூன்றாவது வண்டி மேடையில் நின்றது. நான் கை தட்டிவிட்டேன். யாரும் சேர்ந்து தட்டவில்லை.

பிறகு மைக். கோவிந்தனின் டிராக்டர் மேல் ஏறி நின்றேன்.

“வணக்கங்க. ஆலையிலேந்து பேசறங்க…”

ஹாரன்கள் நின்றன. அந்த அமைதியில் எங்கோ பின்னாலிருந்து ஒருவர், “உங்க ஊரு மொறை வந்துடுச்சிங்க!” என்றார். அவ்வளவுதான். சாலை முழுவதும் எனக்காக மிச்சத்தைச் சொல்லி முடித்தது. கடைசி வரி, நான் நானாகச் சேர்த்த அந்த வரி, அலை அலையாக வால் வரைக்கும் போனது. சின்ன வயதில் பேச்சுப் போட்டியில் பாதியில் மறந்துபோய் நின்றிருக்கிறேன். ஒரு சாலையே எனக்கு என் வசனத்தை ஒப்பித்தது அதுதான் முதல் தடவை.

“இன்னைக்கே எல்லா வண்டிக்கும் பாயிண்ட் பாத்துடுவோங்க. ஒரு கெழங்கும் திரும்பிப் போவாதுங்க. உங்க வண்டி மொறை வந்தா போன் வரும். அதுவரைக்கும் நெழல்ல போய் உக்காருங்க” என்றேன்.

“மறுபடியும் போனா!” என்றார் அஞ்சலை அக்கா.

போன் மாட்யூலும் தனியாக இருந்ததால்தான் அது முடிந்தது. மோட்டார் ரூமுக்கு ஓடி, புதிதாக இரண்டு வரி பதிந்தேன். அதன்பிறகு அது ஊர்களைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டது. இன்னும் பிடுங்காமல் இருந்தவர்களைக் கூப்பிட்டு, ‘வேண்டாங்க, மண்ணுக்குள்ளயே இருக்கட்டும்’ என்றும் சொன்னது. மத்தியானத்துக்கு மேல் வரிசையின் வால் கண்ணுக்குத் தெரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் சாலை காலி. கரியாலூர் டெம்போவுக்குச் சீட்டு அடித்தபோது அஞ்சலை அக்கா அதைக் கையில் பிடித்துப் பாயிண்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். குறையவில்லை.

“பொழச்ச போ” என்றார் என்னிடம். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலாளிக்கு ஒரு மலையளவு கிழங்கு மிஞ்சியது. அவர் கவலைப்பட்டதெல்லாம் ஒரு டம்ளர் காப்பி வரைக்கும்தான். பிறகு மற்ற ஆலைக்காரர்களுக்குப் போன் போட்டு, “நம்மகிட்ட கெழங்கு ஜாஸ்தியா கீது, உங்களுக்கு கம்மியா இருந்தா சொல்லுங்க” என்று பேச ஆரம்பித்தார். அந்தக் குரலில் இருந்த பெருமிதத்தை மோட்டார் ரூமில் பதிந்திருக்க வேண்டும். அந்த ஆலைக்காரர்கள் கிழங்கை மட்டும் வாங்கவில்லை. எடை, பாயிண்ட், சீட்டு மாட்யூல்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் அவை வேறு ஆலைகளிலும் ஓடின. முறை மாட்யூலை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்திக்கு நிற்கும்போது, யாராவது விவரம் தெரியாமல் ‘அடுத்து யார்?’ என்று கேட்டால், என் கணவர் பதறிப்போய்க் கேட்டவர் வாயைப் பொத்துவார். “கேக்காதீங்க. இவ இருக்கற எடத்துல கேட்டா, கேட்டதுக்கே அடுத்த ஊரு பொறப்பட்டு வந்துடும்.” புது மாப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. எங்கள் பட்டியலில் ஒரு எண் தவறாக இருந்ததாகவும், அதனால் மலையில் சாமை மட்டுமே விதைத்துவந்த ஒரு சிற்றூர்க்காரருக்கும் அன்று போன் போனதாகவும், அவர் வெறுங்கையோடு இறங்கி வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய் மறு வருஷம் மரவள்ளி நட்டதாகவும், இப்போது அந்த ஊரே மரவள்ளி போடுவதாகவும் அஞ்சலை அக்கா சொல்கிறார். ஊரின் பெயரைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் சொல்கிறார். நான் இன்னும் மலையேறிப் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே இது உறுதிசெய்யப்படாத தகவல்.