மாலதியின் கேள்விக்கு நான் போட்ட பதில்

கொள்கைக்காரனுக்கு வாக்கப்பட்டால் என்ன பாடு என்று என் மனைவி மாலதியைக் கேட்டால், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் சொல்வாள். புனே பக்கம் சிஞ்ச்வட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. கொள்கையெல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான். ஐந்து பேர் சேர்ந்து பள்ளி நூலகங்களுக்காக ஓர் இலவச மென்பொருள் எழுதியிருந்தோம். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். (திருத்த ஒருவரும் வரவில்லை. திட்டத்தான் வந்தார்கள்.)

அந்தத் திட்டையும் சந்தேகங்களையும் எந்த இடத்தில் வாங்கிக்கொள்வது என்பதில் எங்களுக்குள் சண்டை. எங்களில் மூத்தவரான தேஷ்பாண்டே, "இணையத்தில் ஒரு கேள்வி பதில் மன்றம் வைப்போம். ஒருவருக்குச் சொன்ன பதில் அங்கேயே நிற்கும், அடுத்தவர் தேடி எடுத்துக்கொள்வார்" என்றார். நான் விடுவேனா? "நம்ம ஜனம் மன்றத்துக்கெல்லாம் வராது சார். போன்ல ஒரு குரூப் போதும்" என்று மூன்று வாரம் மல்லுக்கட்டி ஜெயித்தேன்.

மாலதி புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். சாங்வியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் நூலகராகச் சேர்ந்திருந்தாள். கல்வி அதிகாரி வந்து நூலகத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வேலை நிரந்தரம். அந்தச் சமயம் பார்த்து, எங்கள் மென்பொருளில் அவள் அச்செடுத்த பட்டியலில் மராட்டிப் புத்தகப் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்களாக வந்தன.

"என்னங்க, லிஸ்ட் பூரா டப்பா டப்பாவா வருது. சதுர்த்திக்கு மறுநாளே அதிகாரி மேடம் வராங்க. கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

"குரூப்ல கேளு."

"அரே! நீங்கதானே எழுதினீங்க?"

"வீட்டுக்குள்ள சொன்னா உனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு ஒரு ரூல், மத்தவங்களுக்கு ஒரு ரூலா?"

இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது. அன்றைக்கோ, நீதி வழுவாதவன் என்று எனக்கு ஒரே பெருமை. அவள் மறுநாள் காலையில் அச்செடுத்த தாளைப் படம் பிடித்து, கேள்வியோடு குரூப்பில் போட்டாள். விநாயகர் சதுர்த்தி காலையில்! புனேயில்!

குரூப்பில் இருந்த நூலகர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுப் பிள்ளையாரைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மரியாதை தெரிந்தவன் இல்லையா நான்? ஒரு வாழ்த்தைத் தயார் பண்ணி, வந்த ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒட்டிக்கொண்டே போனேன். யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் கேட்டேன். "குரூப்ல கேட்டியா?"

"கேட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"பாத்தியா!" என்றேன். அவள் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு ராத்திரி வரை ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேலை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து அவளுடைய போன். "மேடம் உங்களப் பாக்கணுமாம்."

பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு போய் நின்றேன். அதிகாரி மேடத்தின் முன்னால் அந்தப் பட்டியல். கட்டங்களுக்கு மேலே மாலதி பேனாவால் ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் எழுதியிருந்தாள். பாதிதான் முடிந்திருந்தது.

"சந்தேகம் கேட்க உங்க சாஃப்ட்வேர்ல இடமே இல்லையா?" என்று ஹிந்தியில் கேட்டார் மேடம்.

"இருக்கு மேடம்!" என்று மாலதியின் போனை வாங்கிக் குரூப்பைத் திறந்து நீட்டினேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

மேடம் பக்திமான். ஒவ்வொரு பிள்ளையாருக்கும் விரலை நெஞ்சில் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். ரொம்ப நேரம் கழித்து ஓரிடத்தில் விரல் நின்றது. மாலதியின் கேள்வியை உரக்கப் படித்தார். அதன் கீழே நான் போட்ட பதிலையும் படித்தார்.

"உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் பிள்ளையார் அருள் பொங்கட்டும்!"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "குடும்பத்தார்னா நீங்கதானே?"

தலைமையாசிரியை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அங்கிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எழுத்துரு அமைப்பில் ஒரே ஒரு இடத்தில் டிக் அடித்துவிட்டு அச்செடுத்தேன். மராட்டிப் பெயர்கள் முத்து முத்தாக வந்தன. ரெண்டே நிமிஷ வேலை. இதற்குத்தான் அவளை ராத்திரி வரை எழுத வைத்திருக்கிறேன், பாவி!

"இவ்வளவு பேரையும் கையால எழுத உட்கார்ந்த பொண்ணு நூலகத்தைப் பாத்துக்குவா" என்று மேடம் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம், "உங்களுக்கு வேற வேலை ஏதாவது இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அதை விட்றாதீங்க."

அன்று சாயங்காலமே தேஷ்பாண்டேயைக் கூப்பிட்டு, மன்றமே வைப்போம் என்று சரணடைந்தேன். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல மனுஷன். மன்றத்தில் முதல் கேள்வியை மாலதிதான் எழுதினாள். பதிலையும் அவளே எழுதினாள். அப்புறம் மற்றவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தாள். இப்போது அதிகம் பேருக்கு உதவியவர்கள் வரிசையில் அவள் முதல் ஆள். என் பெயரைப் பார்க்க நிறையக் கீழே போக வேண்டும்.

போன மாசம் எனக்கே ஒரு சந்தேகம் வந்து மன்றத்தில் எழுதினேன். அடுத்த நிமிஷம், "ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி. முதலில் தேடிப் பார்க்கவும்" என்று என் கேள்வியைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியவள் அதே சோபாவில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் மகள் தனக்குத் தெரிந்த தமிழில் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. "சாஃப்ட்வேர் பப்பா பண்ணது ஆன்ட்டி. டவுட் இருந்தா அம்மாகிட்ட கேளுங்க. பப்பாவும் அங்கதான் கேக்கறாரு."