கருவிக்கு ஈரம் ஆகாது

வாயைத் திறந்தால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் தையற்காரியின் பயம். குடியிருப்பு அலுவலகத்து வரிசையில் நின்றபடி மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். படுக்கையறைச் சுவரில் ஈரம். அதில் கறுப்பாகப் பூஞ்சை. அதனால் மகளுக்கு மூச்சு இழுக்கிறது. இவ்வளவுதான் விஷயம். "மருந்து நான் தருவேன், சுவரை அவங்கதான் காயவைக்கணும்" என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். சுவரை முதலில் சொன்னால் வெள்ளையடிக்கச் சொல்வார்கள். மகளை முதலில் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். குழம்பிக்கொண்டிருக்கும்போதே அவள் முறை வந்துவிட்டது.

"சார், சுவருக்கு மூச்சு இழுக்குது. பிள்ளை ஊறிப்போய்க் கிடக்குது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் கவலை படர்ந்தது.

"சுவருக்கா? எப்பலேர்ந்தும்மா?"

"ஐயோ, இல்ல சார். சுவர்தான் ஊறிப்போச்சு. இழுக்கிறது பிள்ளைக்கு."

"பிள்ளைக்குத்தானா!" பேனா மறுபடி கைக்கு வந்தது. "கதிகலங்க வச்சுட்டீங்களேம்மா. சுவர் நிர்வாகத்தோட சொத்து இல்லையா?"

ஆனாலும் கடமை தவறாதவர். ஈரப்பதத்தின் மெய்நிலையை நேரில் ஆய்ந்தறியும் பொருட்டு ஓர் அளவையாளரை அனுப்பிவைத்தார்.

அளவையாளர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட் மெத்தை. அதன்மேல் ஈரம் அளக்கும் கருவி. கைக்குழந்தையைப்போல் அதை ஏந்தி வந்தவர் வாசலோடு நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க சார். ஈரம் உள்ளதான் இருக்கு."

"அதனாலதாம்மா வரல. கருவிக்கு ஈரம் ஆகாது."

"அது ஈரத்தை அளக்கிற கருவிதானே சார்?"

"அளக்கலாம். படக் கூடாது."

"என் பொண்ணு அந்த ரூம்லதான் சார் தூங்குறா."

"உங்க பொண்ணுக்கு வாரண்டி இருக்கா? இதுக்கு இருக்கு."

மூடிய பெட்டியை மாடிப்படியில் நின்று தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். கண்ணை மூடினார். "இயல்பு" என்றார்.

"திறக்காமலேயா சார்?"

"எல்லாம் அனுபவம்தாம்மா."

அளவு இயல்பு, சுவரோ கறுப்பு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போக வைப்பதற்காக அலுவலகக் கிடங்கிலிருந்து ஒரு விழிப்புணர்வுக் கம்பளம் வந்தது. 'தூசியை விரட்டுவோம், மூச்சைக் காப்போம்' என்று அதில் நெய்திருந்தது. அதை விரித்தபோது கட்டடமே தும்மியது. அளவையாளர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, பூஞ்சைமேல் கம்பளத்தை ஆணியடித்து மாட்டினார்கள். பூஞ்சை ஒழிந்தது, படமும் எடுத்தாகிவிட்டது.

எதிர்வீட்டு அக்காவுக்குப் பொறாமை தாங்கவில்லை. "அதிர்ஷ்டக்காரிடி நீ! எங்க சுவரும் கறுப்புதான், யாரு கண்டுக்கிறா? நான் வாசனைப் பனி கக்குற மெஷின் வாங்கிட்டேன். இப்ப எல்லார் வீட்லயும் அதுதான். என் பையன் இருமினாக்கூட ரோஜா வாசம்!"

தையற்காரியின் மகளோ சிரிப்பு வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்க மூச்சு போதவில்லை.

படம் எடுத்த மிதப்பில் அளவையாளர் பெட்டியை வாசலோரத் தையல் மெஷின்மேல் மறந்துவிட்டுப் போயிருந்தார். தையற்காரி யோசித்தாள். காணாமல் போனால் யார் தலையில் விடியும்? வீட்டில் பூட்டுள்ள அலமாரி ஒன்றே ஒன்றுதான்; அது படுக்கையறையில், அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. அதில் வைத்துப் பூட்டினாள். அலுவலகத்துக்கோ தொடர் விடுமுறை. விடுமுறை முடிந்து பெட்டியைத் திறந்தால், வெல்வெட்டில் சாம்பல் நிறத் தாடி முளைத்திருந்தது.

ஓடினாள். இந்தத் தடவை குழப்பமே இல்லை.

"சார், உங்க கருவிக்கு மூச்சு இழுக்குது!"

நாற்காலி பின்னால் சாய அதிகாரி எழுந்தார். கருவியை அசைத்தால் ஆபத்து என்பதால் இருந்த இடத்திலேயே வைத்தியம் என்று முடிவாயிற்று. கம்பளம் கிழிந்தது. கொத்தனார் சுவரைக் கொத்தினார். உள்ளே ஒழுகும் குழாய் அகப்பட்டது. புதுக்குழாய், புதுப்பூச்சு, பெரிய ஜன்னல் எல்லாம் மளமளவென்று வந்தன. கதவில் 'கருவி ஓய்வில் உள்ளது' என்று பலகைகூட மாட்டினார்கள்.

அதிகாரி தினமும் வந்து விசாரித்தார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"இருமாம தூங்குது சார்."

"கருவிதானே?"

"ஆமா சார்" என்றாள், மகளைப் பார்த்துக்கொண்டே.

சுவர் காய்ந்தது. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். கருவி பூரண குணமடைந்ததாக அறிவித்து, எடுத்துப்போக அளவையாளரை அனுப்பினார்கள். அவர் படியேறும் சத்தம் கேட்டதும் தையற்காரி அலமாரியைத் திறந்தாள். அடுத்த மழைக்குச் சுவர் என்ன செய்யுமோ? கருவியை எடுத்து மகளின் தலையணைக்கடியில் செருகினாள். கொத்திப்போட்ட பழைய பூச்சில் கறுத்த துண்டு ஒன்றை வெல்வெட்டில் படுக்கவைத்துப் பெட்டியை மூடினாள்.

அளவையாளர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "பரவாயில்லையே, உடம்பு தேறியிருக்கு" என்றார். போகிற வழியில் எதிர்வீட்டு வாசலில் நின்று, அதைத் தலைக்குமேல் தூக்கிக் கண்ணை மூடினார்.

"இயல்பு."

உள்ளே ரோஜா வாசத்தோடு அக்காவின் பையன் இருமினான்.

இப்போது கருவியில் முள் ஏறினால் தையற்காரி ஜன்னலைத் திறந்துவிடுகிறாள். மகள் நன்றாகத் தூங்குகிறாள். அக்காவிடமும் இந்த வழியைச் சொல்லலாம்தான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம். அந்த இருமல் கேட்கும்போதெல்லாம் வாசல் கதவை மட்டும் இறுக்கிச் சாத்திக்கொள்கிறாள்.