காலி நாற்காலியின் நியமனம்

தி.நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து பதினேழு ஆண்டுகளாக ஒரு விண்கலம் பறந்துகொண்டிருந்தது. ‘ஆயிரம் கோடி மைல்’ என்பது தினமும் இரவு ஏழரைக்கு வரும் அந்தத் தொடரின் பெயர். விண்கலத்தின் தலைவி நிலா முதல் பகுதியில், “ஆறே மாசம், வந்துடுவேம்மா” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். இன்னும் வரவில்லை.

ஏதோ ஒரு பழைய கோப்பைத் தேடியபோது, தொடருக்குத் தலைமை எழுத்தாளர் இல்லை என்பது நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. உடனே மூவர் கொண்ட உயர்நிலைத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது.

எஸ்தரும் விண்ணப்பித்தாள். பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிக உதவி எழுத்தாளர். சம்பளம் ஏறும் என்பதற்காக அல்ல. தலைமை எழுத்தாளரானால் நிலாவைத் தரையிறக்கலாம். பெசன்ட் நகரில் மீன் விற்கும் அக்கா லூர்துமேரி ஒருநாள் விடாமல் கேட்பாள்: “எப்போடி அந்தப் பொண்ணு வூடு வந்து சேரும்?” அக்காவின் வீட்டுக்காரர் ஜான்சன் போன படகும் திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். விண்கலத்தைப் பற்றித்தான் பேசுவாள்.

குழுத் தலைவர் ஆனந்தகுமார் ஓய்வுபெற்ற அதிகாரி. நடுநிலைமை கெட்டுவிடக் கூடாது என்று தொடரை ஒருநாளும் பார்க்காதவர். அடையாறிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி என்ற விளம்பர ஆலோசகர் வந்திருந்தார். மூன்றாமவர் கணேசமூர்த்தி, ஜவுளிக்கடை முதலாளி. தொடரின் விளம்பரதாரர் அவர்தான்.

முதலில் பாரத் என்ற இளைஞர். இன்ஸ்டாகிராமில் நாலு லட்சம் பேர் அவரைப் பின்தொடர்கிறார்கள்.

“தொடரைப் பாத்திருக்கீங்களா?” என்றார் ஸ்ரீலக்ஷ்மி.

“இல்ல மேடம். பாத்தா என் ஒரிஜினாலிட்டி போயிடும்.”

குழு நெகிழ்ந்துபோனது. ஆனால் விண்வெளியில் நிலாவுக்கு இனி காட்டன் புடவைதான் என்று பாரத் சொல்லிவிட்டார். பட்டு வியாபாரி கணேசமூர்த்தி பேனாவை மூடினார். அத்தோடு சரி.

அடுத்து எஸ்தர்.

“தலைமை எழுத்தாளரா அனுபவம் உண்டா?” என்றார் ஆனந்தகுமார்.

“பழைய தலைமை எழுத்தாளர் அமெரிக்காவுல மகன்கிட்டே போய் மூணு வருஷமாச்சு சார். அதிலேர்ந்து நான்தான் தனியா எழுதறேன்.”

“மூணு வருஷமாவா நாற்காலி காலி?”

“இந்த மூணு வருஷத்துலதானே பாக்கறவங்க ரெண்டு மடங்கானாங்க!” என்றார் ஸ்ரீலக்ஷ்மி.

எஸ்தர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆமா மேடம்.”

“ஆகவே, சாதனை அந்தக் காலியிடத்தோடது” என்றார் ஆனந்தகுமார்.

“எழுதினது நான் சார்.”

“மறுக்கலையேம்மா. ஆனா அதுக்கு முன்னாடி எட்டு வருஷமும் நீங்கதானே எழுதினீங்க? அப்போ ஏறலையே. இடையில மாறினது எது? நாற்காலி காலியானது.”

எஸ்தர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“எனக்கும் அதான் சௌகரியம்” என்றார் கணேசமூர்த்தி. “நிலாவுக்குப் பட்டுப்புடவை கட்டச் சொன்னா, புவியீர்ப்பு இல்லாத இடத்துல முந்தானை நிக்காதுன்னு அந்தப் பழைய மனுஷன் தகராறு பண்ணுவாரு. நாற்காலி இதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல.”

மறுநாள் ஆணை வந்தது: ‘தலைமை எழுத்தாளர் பதவிக்கு, முழுக்க முழுக்கத் தகுதியின் அடிப்படையில், மேற்படி பதவியின் காலியிடமே ஐந்தாண்டுக் காலத்துக்கு நியமிக்கப்படுகிறது. கதைப் பகுதிகள் அதன் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மூன்று நாளில் திருப்பி அனுப்பப்படாதவை ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும்.’

நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்திப் படமெடுத்தார்கள். எஸ்தரும் கைதட்டினாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஆணையின் கடைசி வரியை அவள் மூன்று முறை படித்தாள். அந்த வாரமே நிலா வீடு திரும்பும் பகுதியை எழுதி, நாற்காலியின் மேல் பணிவுடன் வைத்தாள். மூன்று நாள் காத்திருந்தாள். நாற்காலி அதைத் திருப்பி அனுப்பவில்லை.

விண்கலம் எலியட்ஸ் கடற்கரையில் இறங்கியது. பதினேழு ஆண்டுப் பயணத்திலும் கசங்காத பட்டுப்புடவையில் நிலா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். துணிச்சலான முடிவு எடுத்ததற்காகக் காலியிடத்துக்குக் குழு இன்னொரு பொன்னாடை போர்த்தியது.

மறுநாள் காலை எஸ்தர் அக்காவிடம் ஓடினாள். லூர்துமேரி சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தியாக்கா?”

“பாத்தேன்.”

“அளுதியா?”

“ரெண்டு தபா அளுதேன். அப்பால எட்டு மணி ஆயிடுச்சு. எளுந்து சோறு வடிச்சேன்.”

“அவ்ளோதானா? வூடு வந்து சேந்துட்டாளேக்கா!”

“சேந்துட்டா. சேந்து, வூட்ல குந்திகினு கீறா. இன்னிக்கு ஏளரைக்கு நான் யாருக்காகடி காத்துகினு இருக்கறது?” லூர்துமேரி கத்தியைத் தண்ணீரில் அலசினாள். கடல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏத்திவுடுடி மேல.”

அன்று மதியம் எஸ்தர் புதிய பகுதியை எழுதினாள். வாசலில் அம்மா நிற்கிறாள். “ஆறே மாசம், வந்துடுவேம்மா” என்கிறாள் நிலா.

கொண்டுபோய் நாற்காலியின் மேல் வைத்தாள். அது ஒன்றும் சொல்லவில்லை.